ரிவர்ஸ் டிஎன்எஸ் கோளாறால் திரும்பும் மின்னஞ்சல்: காரணம் கண்டறிதலும் சரிசெய்தலும்

ஓர் அஞ்சல் சர்வர் இன்னொன்றைத் தொடர்புகொள்ளும்போது, பெறும் பக்கத்துக்கு உறுதியாகத் தெரிவது எதிர்முனையின் ஐபி முகவரி மட்டுமே. அனுப்புநர் பெயர், டொமைன், சர்வரின் பெயர் ஆகிய அனைத்தும் எதிர்முனை தானாகச் சொல்பவை; அவற்றில் யாரும் எதையும் சொல்லிவிடலாம். ஐபி முகவரியில் அது எளிதன்று. இரு பக்கமும் மாறி மாறிப் பேசித்தான் டிசிபி இணைப்பு உருவாகிறது என்பதால், பொய்யான முகவரியிலிருந்து உரையாடலைத் தொடர முடியாது. ஆகவே அஞ்சலின் உள்ளடக்கத்தைத் தொடுவதற்கு முன்பே ஸ்பேம் வடிகட்டிகள் அந்த முகவரியைப் பற்றி விசாரிக்கின்றன. அந்த விசாரணையின் முதல் படி ரிவர்ஸ் டிஎன்எஸ்.

பெயரைக் கொடுத்து ஐபி முகவரியைப் பெறுவது வழக்கமான டிஎன்எஸ் தேடல். ஐபி முகவரியைக் கொடுத்துப் பெயரைப் பெறுவது ரிவர்ஸ் தேடல். முதலாவதற்கு ஏ பதிவும், இரண்டாவதற்குப் பிடிஆர் பதிவும் பயன்படுகின்றன. 203.0.113.25 என்ற முகவரிக்கான பிடிஆர் பதிவு, எண்களைப் பின்னிருந்து முன்னாக அடுக்கிய 25.113.0.203.இன்-ஆடர்.ஆர்பா என்ற பெயரின் கீழ் இருக்கும். இந்த அத்தியாயத்தில் கட்டளைகளும் பெயர்களும் தமிழ் ஒலிப்பில் தரப்பட்டுள்ளன. கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சிட வேண்டும்.

பெறும் சர்வர்கள் என்னென்ன பார்க்கின்றன

முதலாவது, அந்த ஐபி முகவரிக்குப் பிடிஆர் பதிவு இருக்கிறதா என்பது. இரண்டாவது, அந்தப் பதிவு தரும் பெயரைத் திரும்பத் தேடினால் அதே ஐபி முகவரி கிடைக்கிறதா என்பது. இந்த இரண்டாவது சோதனைதான் முக்கியமானது. ஒரு முகவரித் தொகுதியை நிர்வகிப்பவர் பிடிஆர் பதிவில் எந்த நிறுவனத்தின் பெயரையும் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அந்த நிறுவனத்தின் டொமைனில் தன் ஐபி முகவரியைச் சேர்க்க அவரால் முடியாது. இரு திசையிலும் விடை பொருந்தினால்தான் முகவரிக்கு உரியவரும் பெயருக்கு உரியவரும் ஒத்துக்கொண்டதாகப் பொருள். பிடிஆரும் ஏ பதிவும் இப்படிப் பொருந்தியிருக்க வேண்டும் என்று 1996இல் வெளியான ஆர்எஃப்சி 1912 என்ற இணைய நெறிமுறை ஆவணம் வலியுறுத்துகிறது.

மூன்றாவது, இணைப்பின் தொடக்கத்தில் அனுப்பும் சர்வர் ஹீலோ கட்டளையில் சொல்லும் பெயர். எஸ்எம்டிபி நெறிமுறையை வரையறுக்கும் 2008ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 5321, ஹீலோ பெயர் ஐபி முகவரியுடன் பொருந்தவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அஞ்சலை மறுக்கக் கூடாது என்கிறது. நடைமுறையில் பல வடிகட்டிகள் பொருந்தாத ஹீலோவுக்கு எதிர்மறை மதிப்பெண் இடுகின்றன. புள்ளியே இல்லாத ஒற்றைச் சொல்லையோ ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்பதையோ ஹீலோவாகச் சொன்னால் சில சர்வர்கள் அங்கேயே இணைப்பை முடித்துவிடும்.

இவ்வளவு கண்டிப்புக்குக் காரணம் உண்டு. ஸ்பேமின் பெரும்பகுதி, வைரஸ் தொற்றிய வீட்டுக் கணினிகளிலிருந்து வந்த காலம் ஒன்று இருந்தது. அத்தகைய இணைப்புகளுக்குப் பிடிஆர் பதிவே இருப்பதில்லை. இருந்தாலும், இணைய நிறுவனம் ஐபி எண்களையே கோத்துத் தானியங்கியாக உருவாக்கிய பெயராக இருக்கும். முறையாக அமைக்கப்பட்ட அஞ்சல் சர்வரையும் தொற்றிய கணினியையும் அதிகச் செலவின்றிப் பிரித்தறிய இந்தச் சோதனை உதவியது. இன்று அது பரவலான விதியாகிவிட்டது. 2024 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த ஜிமெயில் விதிகளின்படி, ஒரே ஒரு அஞ்சல் அனுப்புபவர்கூடச் சரியான ஏ பதிவும் பிடிஆர் பதிவும் வைத்திருக்க வேண்டும். யாகூவும் இதையே கோருகிறது.

திரும்பி வந்த செய்தியைப் படிப்பது

அஞ்சல் திரும்பியதும் அமைப்புகளில் கை வைக்கத் தொடங்குவது நேர விரயம். திரும்பிய செய்தியிலோ சர்வரின் அஞ்சல் பதிவேட்டிலோ மறுப்புக்கான காரணம் எழுத்தில் இருக்கும். அதில் கவனிக்க வேண்டியவை மூன்று: குறியீட்டு எண், காரண வாசகம், ஐபி முகவரி.

5 என்ற இலக்கத்தில் தொடங்கும் குறியீடு நிரந்தர மறுப்பைக் குறிக்கும். அஞ்சல் உடனே அனுப்பியவருக்குத் திரும்பும். 4 என்ற இலக்கத்தில் தொடங்குவது தற்காலிக மறுப்பு. அனுப்பும் சர்வர் அஞ்சலை வரிசையில் வைத்து மீண்டும் மீண்டும் முயலும். போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருள் இயல்பாக 5 நாள் வரை முயன்று, பிறகே தோல்வியை அறிவிக்கும். பிடிஆர் கோளாறுள்ள சர்வரிலிருந்து போன அஞ்சல் பல நாள் கழித்துத் திரும்புவது இதனால்தான். வரிசையில் அஞ்சல்கள் தேங்குகின்றனவா என்று பார்த்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

5.7.25 என்ற விரிவுக் குறியீடு இருந்தால் குழப்பத்துக்கு இடமில்லை. 2014இல் ஆர்எஃப்சி 7372 இந்த எண்ணை ரிவர்ஸ் டிஎன்எஸ் சரிபார்ப்புத் தோல்விக்கென்றே ஒதுக்கியது. ஜிமெயில் இந்தக் குறியீட்டுடன், பிடிஆர் பதிவு இல்லை அல்லது அதன் பெயர் அனுப்பிய ஐபி முகவரியைச் சுட்டவில்லை என்ற விளக்கத்தையும் தருகிறது. 5.7.1 என்பது பொதுவான கொள்கை மறுப்பு. அதனுடன் வரும் வாசகத்தைப் படித்தால்தான் காரணம் தெரியும்.

போஸ்ட்ஃபிக்ஸ் சர்வர்கள் அனுப்பும் 450 மறுப்பில் இரண்டு வாசகங்கள் உண்டு. ரிவர்ஸ் ஹோஸ்ட்நேம் கிடைக்கவில்லை என்றால் பிடிஆர் பதிவே இல்லை. வெறும் ஹோஸ்ட்நேம் கிடைக்கவில்லை என்றால், பிடிஆர் இருக்கலாம். ஆனால் அது தரும் பெயர் திரும்ப அதே முகவரிக்கு வரவில்லை. ஒரு சொல் வேறுபாடுதான். முதலாவதற்குத் தீர்வு இணைய நிறுவனத்திடமும், இரண்டாவதற்குத் தீர்வு பெரும்பாலும் சொந்த டொமைனின் டிஎன்எஸ்ஸிலும் இருக்கும்.

எந்த முகவரியிலிருந்து அஞ்சல் போகிறது

அஞ்சல் எந்த ஐபி முகவரியிலிருந்து வெளியேறுகிறது என்பதை ஊகிக்காமல் உறுதி செய்ய வேண்டும். அலுவலகச் சர்வர்கள் பெரும்பாலும் ஃபயர்வாலுக்குப் பின்னால் 192.168 அல்லது 10 எனத் தொடங்கும் உள்முகவரியில் இருக்கும். உள்ளே வரும் அஞ்சலுக்கு ஒரு வெளிமுகவரியும், வெளியே போகும் அஞ்சலுக்கு ஃபயர்வாலின் பொது முகவரியும் பயன்படுவது சாதாரணம். பிடிஆர் பதிவை முதல் முகவரிக்கு எழுதிவிட்டு, இரண்டாவது முகவரியிலிருந்து அனுப்பிக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கும் பிசகு. இரண்டு இணைய இணைப்புகள் வைத்திருக்கும் அலுவலகத்தில், ஒன்று துண்டிக்கப்பட்டு மற்றதன் வழியே அஞ்சல் போகும் நாளில் மட்டும் கோளாறு தலைகாட்டும்.

மறுப்புச் செய்தியில் காணும் ஐபி முகவரியே நம்பத்தக்கது. அதில் முகவரி இல்லையென்றால், மறுக்காமல் ஏற்கும் ஏதாவது ஓர் அஞ்சல் பெட்டிக்குச் சோதனை அஞ்சல் அனுப்பி, அதன் முழுத் தலைப்பைத் திறந்து ‘ரிசீவ்டு’ வரியைப் பார்க்கலாம். ஜிமெயிலில் அசல் வடிவைக் காட்டும் தெரிவு உள்ளது. அந்த வரியில் ஹீலோ பெயர் முதலிலும், அடைப்புக்குறிக்குள் பிடிஆர் பெயரும் ஐபி முகவரியும் அடுத்தும் இருக்கும். மூன்று சோதனைகளுக்கும் உரிய விவரங்கள் ஒரே வரியில் கிடைப்பதால் இதைவிடச் சுருக்கமான சோதனை வேறில்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘அன்நோன்’ என்று இருந்தால், பெற்ற சர்வரால் பெயரை உறுதி செய்ய முடியவில்லை. பிரவுசரில் ஐபி முகவரி காட்டும் தளங்களைக் கொண்டு முடிவுக்கு வரக் கூடாது. வலைப் போக்குவரத்தும் அஞ்சலும் ஒரே முகவரியில் வெளியேற வேண்டிய கட்டாயம் இல்லை.

மூன்று தேடல்கள்

லினக்ஸிலும் மேக்கிலும் ‘டிக்’ கட்டளையும், விண்டோஸில் ‘என்எஸ்லுக்கப்’ கட்டளையும் போதுமானவை.

1. ‘டிக் -எக்ஸ் 203.0.113.25’ என்று முகவரியைத் தேடினால் பிடிஆர் பெயர் வர வேண்டும். எடுத்துக்காட்டாக, மெயில்.எக்ஸாம்பிள்.காம்.

2. கிடைத்த பெயரை அப்படியே நகலெடுத்து ‘டிக்’ கட்டளையில் ஏ பதிவுக்காகத் தேடினால் 203.0.113.25 வர வேண்டும். பல முகவரிகள் வந்தால், அவற்றுள் இதுவும் ஒன்றாக இருந்தால் போதும்.

3. அஞ்சல் மென்பொருளில் ஹீலோ பெயராக எது அமைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதுவும் மெயில்.எக்ஸாம்பிள்.காம் என்றே இருப்பது நல்லது.

அலுவலகத்துக்குள் இருந்து தேடும்போது உள் டிஎன்எஸ் சர்வர் வெளியுலகுக்குத் தெரியாத விடையைத் தரக்கூடும். எனவே 8.8.8.8 அல்லது 1.1.1.1 போன்ற பொது டிஎன்எஸ் சர்வரிடம் கேட்டு, அந்த விடையையே கணக்கில் கொள்ள வேண்டும்.

பிடிஆர் தேடலின் நிலைக்குறிப்பும் பயனுள்ள தகவல். ‘என்எக்ஸ்டொமைன்’ என்றால் பதிவு இல்லை, எழுதினால் தீரும். ‘செர்வ்ஃபெயில்’ என்றால் நிலைமை வேறு: அந்த முகவரித் தொகுதிக்குப் பொறுப்பான நேம்சர்வர் பதில் தரவில்லை, அல்லது தவறான நேம்சர்வருக்குப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. ‘டிக்’ கட்டளையுடன் ‘ட்ரேஸ்’ தெரிவைச் சேர்த்தால், மூலத்திலிருந்து ஒவ்வொரு படியாகச் சென்று எந்த இடத்தில் சங்கிலி அறுகிறது என்று காட்டும். செர்வ்ஃபெயில் தற்காலிகப் பிழையாகக் கருதப்படுவதால் இத்தகைய மறுப்புகள் பெரும்பாலும் 4 எனத் தொடங்கும் குறியீட்டுடன் வரும்.

பிடிஆர் பதிவை யார் எழுத முடியும்

பிடிஆர் பதிவைத் தன் டொமைனின் டிஎன்எஸ் பலகையில் சேர்த்துவிட்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுவதில்தான் பலருடைய நேரம் கரைகிறது. டொமைன் ஒருவர் பேரில் இருந்தாலும், ஐபி முகவரிக்கான ரிவர்ஸ் பகுதி அந்த முகவரியை ஒதுக்கிய நிறுவனத்தின் கையில் இருக்கிறது. பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவர்தானே கையெழுத்திட முடியும். டொமைன் பலகையில் எழுதிய பிடிஆர் பதிவை உலகில் எந்தச் சர்வரும் கேட்கப்போவதில்லை.

கிளவுட் சேவையில் உள்ள சர்வருக்கு, அந்தச் சேவையின் கட்டுப்பாட்டுப் பலகையில் ரிவர்ஸ் டிஎன்எஸ் அமைப்பு இருக்கும். அமேசானில் இது எலாஸ்டிக் ஐபி முகவரிக்கும், அஷ்யூரில் பொது ஐபி வளத்துக்கும் உரிய அமைப்பு. டிஜிட்டல்ஓஷனில் ட்ராப்லெட்டின் பெயரே பிடிஆர் பெயராகிவிடும். எனவே ட்ராப்லெட்டுக்கு முழு ஹோஸ்ட் பெயரைச் சூட்ட வேண்டும். அமேசான், லினோட் உள்ளிட்ட சில சேவைகள், முதலில் ஏ பதிவு இருந்தால்தான் பிடிஆர் எழுத அனுமதிக்கின்றன. ஆகவே எல்லா இடத்திலும் ஏ பதிவை முதலில் எழுதி, பிடிஆரை அடுத்து எழுதும் வரிசையைக் கடைப்பிடிப்பது பாதுகாப்பானது. கூகுள் கிளவுடில் 25ஆம் போர்ட் வழியாக வெளியே அஞ்சல் அனுப்புவதே இயல்பாகத் தடுக்கப்பட்டிருக்கிறது. அங்கே பிடிஆர் எழுதுவதால் மட்டும் பயனில்லை.

அலுவலகத்தின் நிலையான ஐபி முகவரிக்கு இணைய நிறுவனத்திடம் எழுத்து மூலம் கோர வேண்டும். கோரிக்கையில் ஐபி முகவரி, வேண்டிய முழு ஹோஸ்ட் பெயர், ஏ பதிவு ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது என்ற குறிப்பு ஆகிய மூன்றும் இருந்தால் போதும். ‘பிடிஆர் பதிவு’ என்ற சொல்லையே பயன்படுத்த வேண்டும். ‘டிஎன்எஸ் பிரச்சினை’ என்று பொதுவாக எழுதினால் கோரிக்கை வேறு பிரிவுக்குப் போய்விடும்.

சொந்தமாக முகவரித் தொகுதி வைத்திருக்கும் கல்லூரிகளும் நிறுவனங்களும் ரிவர்ஸ் பகுதியைத் தாங்களே நிர்வகிக்கலாம். இலங்கையும் இந்தியாவும் உள்ளடங்கிய ஆசிய-பசிபிக் பகுதிக்கு ஏப்னிக் பதிவகமும், இந்தியாவுக்குள் ஐரின் பதிவகமும் இதற்கான ஒப்படைப்பைச் செய்கின்றன. 256 முகவரிகளுக்குக் குறைவான தொகுதி என்றால், இணைய நிறுவனமே தன் பகுதியிலிருந்து சிநேம் எனப்படும் மாற்றுப்பெயர்ப் பதிவுகள் மூலம் ஒப்படைக்க வேண்டும். அதற்கான முறை 1998ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 2317இல் உள்ளது.

ரிவர்ஸ் பகுதிக் கோப்பைத் தாமே எழுதுவோர், பெயரின் இறுதிப் புள்ளியை மறக்கக் கூடாது. அந்த ஒரு புள்ளி விடுபட்டால் மெயில்.எக்ஸாம்பிள்.காம் என்ற பெயருடன் 113.0.203.இன்-ஆடர்.ஆர்பா என்ற வால் ஒட்டிக்கொள்ளும். பிடிஆர் இருக்கும், ஆனால் அந்தப் பெயரை உலகில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

எத்தகைய பெயர் பொருத்தமானது

ஐபி எண்களோ, ‘டைனமிக்’, ‘டிஎஸ்எல்’, ‘பூல்’ போன்ற சொற்களோ கலந்த பெயர்களை வடிகட்டிகள் வீட்டு இணைப்பின் அடையாளமாகக் கொள்கின்றன. ஸ்பேம்அசாசின் மென்பொருளில் பிடிஆர் இல்லாமைக்கு ஒரு விதியும், இத்தகைய பெயருக்கு இன்னொரு விதியும் உண்டு. இணைய நிறுவனம் இயல்பாக வைத்த பெயர் இரு திசையிலும் பொருந்தினாலும், அதை மாற்றிச் சொந்த டொமைனின் கீழ் ஒரு பெயரை வாங்குவதே நல்லது.

ஒரு முகவரிக்கு ஒரே பிடிஆர் பதிவு போதும். ஒரே சர்வரிலிருந்து நூறு டொமைன்களின் அஞ்சல் போனாலும் நூறு பிடிஆர் தேவையில்லை. பல பதிவுகள் இருந்தால் எதை எடுப்பது என்பது பெறும் சர்வருக்குக் குழப்பமாகும். பிடிஆர் பெயர் அனுப்புநர் முகவரியின் டொமைனுடன் பொருந்த வேண்டும் என்ற எண்ணமும் தவறு. பொருந்த வேண்டியது ஐபி முகவரியும் ஹோஸ்ட் பெயரும் மட்டுமே. பெயரில் அடிக்கோடு வரக் கூடாது. பிடிஆர் சுட்டும் பெயர் சிநேம் மாற்றுப்பெயராக இல்லாமல், நேரடி ஏ பதிவாக இருக்க வேண்டும்.

ஹீலோ பெயரை போஸ்ட்ஃபிக்ஸில் ‘மைஹோஸ்ட்நேம்’ அமைப்பிலும், எக்ஸிமில் ‘ப்ரைமரி_ஹோஸ்ட்நேம்’ அமைப்பிலும் மாற்றலாம். மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்சில் இது அனுப்பும் கனெக்டரின் அமைப்பில் இருக்கும். மாற்றாமல் விட்டால் உள்வலையின் ‘.லோக்கல்’ பெயரை அது வெளியுலகுக்குச் சொல்லிவிடும்.

ஐபிவி6 வழியாக வரும் சிக்கல்

எல்லாம் சரியாக இருந்தும் ஜிமெயில் மட்டும் மறுக்கிறது என்றால், முதல் சந்தேகம் ஐபிவி6 மேல் விழ வேண்டும். புதிய சர்வர்கள் பலவற்றுக்கு ஐபிவி4, ஐபிவி6 இரண்டும் தானாகவே கிடைக்கின்றன. பிடிஆர் பதிவு ஐபிவி4 முகவரிக்கு மட்டும் எழுதப்பட்டிருக்கும். சர்வரோ யாருக்கும் சொல்லாமல் ஐபிவி6 வழியாக அனுப்பிக்கொண்டிருக்கும். ஐபிவி6 வழி வரும் அஞ்சலுக்கு பிடிஆர் இல்லையென்றால் ஜிமெயில் ஏற்பதில்லை.

தீர்வு இரண்டு. ஐபிவி6 முகவரிக்கும் பிடிஆர் எழுதி, அதே பெயருக்கு நான்கு ஏ கொண்ட ஏஏஏஏ பதிவும் சேர்ப்பது முழுமையான தீர்வு. இதன் ரிவர்ஸ் பெயர் ஐபி6.ஆர்பா என்ற பகுதியின் கீழ், முகவரியின் 32 இலக்கங்களும் ஒவ்வொன்றாகப் பின்னிருந்து அடுக்கப்பட்டு அமையும். கையால் எழுதாமல் ‘டிக் -எக்ஸ்’ காட்டுவதை நகலெடுப்பது நல்லது. அதற்கு வழியில்லையென்றால், போஸ்ட்ஃபிக்ஸில் ‘இனெட்_ப்ரோட்டோகால்ஸ்’ அமைப்பை ஐபிவி4 என்று மாற்றி, அந்த வழியில் மட்டும் அனுப்பலாம்.

மாற்றத்துக்குப் பின்

பழைய விடையைப் பிற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும். எவ்வளவு நேரம் என்பதைப் பதிவின் டிடிஎல் மதிப்பு தீர்மானிக்கிறது. 3600 வினாடி என்றால் ஒரு மணி நேரம், 86400 என்றால் ஒரு நாள். ‘பதிவு இல்லை’ என்ற விடையும் இப்படியே நினைவில் நிற்கும். அதுவரை ஒரு சர்வர் ஏற்க, இன்னொன்று மறுப்பது இயல்பு. அந்த இடைவெளியில் அமைப்புகளைத் திரும்பத் திரும்ப மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். டிடிஎல் காலம் கழிந்த பின் மூன்று தேடல்களையும் மீண்டும் செய்து, ஒரு சோதனை அஞ்சலின் ‘ரிசீவ்டு’ வரியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். தற்காலிக மறுப்பில் தேங்கிய அஞ்சல்கள் தாமாகப் போகும். நிரந்தர மறுப்பில் திரும்பியவற்றை மீண்டும் அனுப்ப வேண்டும்.

பிடிஆர் கிடைக்காதபோது

மாறும் ஐபி முகவரி கொண்ட வீட்டு இணைப்புக்குப் பிடிஆர் பெறுவது அநேகமாக நடக்காது. அத்தகைய முகவரித் தொகுதிகள் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பின் பிபிஎல் தடைப்பட்டியலிலும் இருப்பதால், பிடிஆர் கிடைத்தாலும் பயன் குறைவு. இங்கே சரியான வழி, அஞ்சலை நேரடியாக அனுப்பாமல், இணைய நிறுவனத்தின் அல்லது ஓர் அஞ்சல் சேவையின் ரிலே சர்வரிடம் 587ஆம் போர்ட் வழியாகக் கடவுச்சொல்லுடன் ஒப்படைப்பது. அப்போது பெறும் சர்வர் பார்ப்பது ரிலே சர்வரின் ஐபி முகவரியை. அதற்கு ரிவர்ஸ் டிஎன்எஸ் சரியாகவே இருக்கும். டொமைனின் பேரில் அஞ்சல் அனுப்ப அனுமதி பெற்ற சர்வர்களைப் பட்டியலிடும் எஸ்பிஎஃப் பதிவில் அந்த ரிலே சேவையைச் சேர்க்க வேண்டும்.

பெறும் பக்கத்தில் இருப்பவருக்கு

வாடிக்கையாளரின் அஞ்சல் வரவில்லை என்ற புகார் வந்தால், கோளாறு சொந்த வடிகட்டியின் கடுமையிலும் இருக்கலாம். போஸ்ட்ஃபிக்ஸில் இரு திசைப் பொருத்தமும் கோரும் விதி, அமைப்பில் சிறு பிசகுள்ள நேர்மையான அனுப்புநர்களையும் தடுத்துவிடும். பிடிஆர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் மென்மையான விதி பல அலுவலகங்களுக்குப் போதும். கடுமையான விதி தேவையென்றால், ‘வார்ன்_இஃப்_ரிஜெக்ட்’ அமைப்புடன் சில நாள் பதிவேட்டில் மட்டும் எழுதவிட்டு, யார் யார் தடுக்கப்படுவார்கள் என்று பார்த்த பிறகு நடைமுறைப்படுத்தலாம். எல்லா அஞ்சலுக்கும் ‘பிடிஆர் இல்லை’ என்று ஸ்பேம்அசாசின் மதிப்பெண் இட்டால், சொந்த அஞ்சல் சர்வரே ரிவர்ஸ் தேடலைச் செய்யாமல் ‘ரிசீவ்டு’ வரியை எழுதுகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்பேம்அசாசின் அந்த வரியை நம்பியே தீர்ப்பு சொல்கிறது.

ரிவர்ஸ் டிஎன்எஸ் சரியான பிறகும் அஞ்சல் திரும்பினால், அடுத்துப் பார்க்க வேண்டியவை எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ஆகிய அனுப்புநர் சரிபார்ப்புப் பதிவுகளும், ஐபி முகவரி தடைப்பட்டியலில் உள்ளதா என்பதும்தான். பிடிஆர் பதிவு அஞ்சல் நல்லது என்று சான்று தருவதில்லை. அனுப்பும் சர்வருக்கு ஒரு பொறுப்பாளர் இருக்கிறார் என்பதை மட்டுமே அது காட்டுகிறது. ஆனால் அந்த அடையாளம் இல்லாத சர்வரின் மற்ற சான்றுகளைப் பெரும்பாலான பெரிய அஞ்சல் சேவைகள் பார்ப்பதே இல்லை. ஆகையால் புதிய அஞ்சல் சர்வர் அமைப்பவர்கள் முதல் அஞ்சலை அனுப்புவதற்கு முன்பே ஏ பதிவு, பிடிஆர் பதிவு, ஹீலோ பெயர் மூன்றையும் ஒத்துப்பார்த்துவிட வேண்டும்.